ஸ்ரீபுரந்தான் நடராசர்

ஸ்ரீபுரந்தான் நடராசர் என்பது தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயிலைச் சேர்ந்த, சோழர் காலச் செப்புத் திருமேனி ஆகும். இது 2006 ஆம் ஆண்டில் களவாடப்பட்டது. 2008 இல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு இதனை வாங்கியது.

அடையாளம் காணல்

மெழுகு உருவின் மேல் பூசிய மண் அச்சை உடைத்தே இத்தகைய சிலைகள் வெளியே எடுக்கப்படுகின்றன. எனவே, ஓர் அச்சில் ஒரு சிலையே கிடைக்கும். இரு சிலைகள் முற்றிலும் ஒத்திரா. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994 இல் கோயிலிலேயே எடுத்திருந்த ஒளிப்படங்களுடன் ஒப்பிட்டபோது, கலைக்கூடத்தில் இருந்தது இச்சிலையே எனத் தெளிவாயிற்று.

மீட்பு

செப்டம்பர் 2014 இல் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட், புது தில்லியில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியிடம் சிலையை ஒப்படைத்தார். ஆய்வுக்காக எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் உரிமைச் சான்றாகவும் பயன்படும் என்பதற்கு இச்சிலை ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.