குளிரைக் கிடங்கில் அடைத்த தேசம்

இரவில் மின்சாரம் மலிவாக இருக்கும்போது தொட்டித் தண்ணீரை உறையவைத்து, பகலில் அதை உருகவிட்டுக் கட்டடத்தைக் குளிர்விப்பது இன்று மின்செலவைக் குறைக்கும் புது உத்தியாகப் பேசப்படுகிறது. இயந்திரம் புதிது, கணக்கு பழையது. குளிர் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் பிடித்து, அது அரிதாகும் நேரத்துக்கு வைத்திருப்பதுதான் அந்தக் கணக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகச் சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கவும் ஏறத்தாழ அவ்வளவே போதும். சிறிய இடத்தில் இவ்வளவு குளிரை அடக்க முடிவதால்தான் ஐஸ் ஒரு காலத்தில் சரக்கானது. அப்படி அதைச் சரக்காக்கிய நாடுகளில் ஒன்று சுவிட்சர்லாந்து.

ஜூரா மலையில் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜூ ஏரி குளிர்காலத்தில் கெட்டியாக உறையும். 1879இல் அதன் கரையிலுள்ள லெ பொன் கிராமத்தில் ஐஸ் நிறுவனம் ஒன்று தொடங்கியது. பாளம் பாளமாக அறுத்த ஐஸைக் கிடங்கில் அடுக்கி, கோடையில் வெளியூர்களுக்கு விற்றார்கள். 1886இல் லெ பொன்னிலிருந்து வல்லோர்ப் என்ற ஊர் வரை ரயில் பாதை வந்ததற்கு இந்த ஐஸ் வணிகமே ஒரு முக்கியக் காரணம். ஆல்ப்ஸ் மலைக் கிராமமான கிரிண்டல்வால்டில் பனியாற்றையே வெட்டி விற்றார்கள். பாஸ்டனிலிருந்து கப்பலேறிய ஐஸைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸும் இதே வணிகத்தின் இன்னொரு முனை. எங்கும் ஐஸை உறையவைத்தது இயற்கையே. காசு பெரும்பாலும் போனது அறுப்புக் கூலிக்கும் போக்குவரத்துக்கும் கிடங்குக்கும்தான்.

குளிர்பதன இயந்திரம் வந்ததும் இந்த வணிகம் படுத்துவிட்டதே, சேமிப்பு தோற்றுவிட்டது என்றல்லவா பொருள் என்று கேட்கலாம். 1870களில் கந்தக டை ஆக்சைடால் இயங்கும் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஜெனீவாக்காரரான ராவுல் பிக்தேயும் ஒருவர் என்பதால், அந்தத் தோல்வியில் சுவிட்சர்லாந்துக்கும் பங்குண்டு. ஆனால் இயந்திரம் ஒழித்தது ஏரியையும் தூரத்தையும்தான், நேரத்தை அல்ல. வேண்டிய கணத்தில் குளிரை உண்டாக்கலாம் என்ற வசதிக்கு, அந்தக் கணத்தின் மின்விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. மின்விலை நேரத்துக்கு நேரம் மாறத் தொடங்கிய இடங்களில் கிடங்கின் தேவை தொட்டி வடிவில் திரும்பி வந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஐஸ் செய்ய இயந்திரம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். வெறும் குளிர்நீர் செய்வதைவிட அதற்கு மின்சாரம் கூடுதலாகவே செலவாகும். இது உண்மை. இரவுக் குளிர்ச்சி அந்த இழப்பில் கொஞ்சத்தை ஈடுகட்டலாம். ஆனாலும் ஐஸ் தொட்டி உறுதியாகக் குறைப்பது பணத்தையும் உச்சநேரச் சுமையையும்தான், யூனிட்டை அல்ல. சுவிட்சர்லாந்தில் இப்போது பரவும் ஏற்பாடு இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கி அவிழ்க்கிறது. குளிர்காலத்தில் வெப்ப பம்பு தொட்டித் தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வீட்டைச் சூடாக்குகிறது. அதனால் தண்ணீர் உறைந்துபோகிறது. சூரியத் தகடுகள் அதை மீண்டும் உருக்கித் தருகின்றன. பருவ முடிவில் மிஞ்சும் ஐஸைக் கோடைக் குளிர்ச்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். சூடாக்கும்போது ஐஸ் துணைப்பொருளாகவே கிடைப்பதால், அதற்கெனத் தனிச் செலவு இல்லை. ஜூ ஏரியில் ஐஸை உறையவைக்கச் செலவில்லாதிருந்தது போலத்தான் இதுவும்.

ஆகவே ஐஸ் சேமிப்பு லாபமா என்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான பதில் கிடையாது. குளிரின் விலை நேரத்துக்கு நேரமோ பருவத்துக்குப் பருவமோ மாறாத இடத்தில் தொட்டி வீண் முதலீடு. உச்சநேரத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலை போன்ற இடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்தது. லெ பொன் வணிகர்கள் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் இந்த விலை வித்தியாசத்தால்தான். இன்றைய பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியதும் மின்கட்டண அட்டவணையைத்தான், இயந்திரத்தை அல்ல.