பழவேற்காடும் ஒற்றியூரும்
பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளது. அதன் கரையிலுள்ள மீனவர் ஊர்களில் தமிழும் தெலுங்கும் வழங்கக் காண்கின்றோம். நீருக்கு மொழியெல்லை ஏது?

அவ்வேரிக்குத் தெற்கே, அதே கடலோரத்தில், மூவர் முதலிகளும் பாடிய திருவொற்றியூர் விளங்குகின்றது. மகிழடியில் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து ஊர் நீங்கிய சுந்தரர், கண்ணொளி இழந்து கசிந்து பாடிய பதிகத்தைப் பண்ணோடு கேட்பின் கல்லும் உருகும். ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னர்த் தியாகராச சுவாமிகள் (1767–1847) இத்தலத்து அம்மை திரிபுரசுந்தரிமீது ஐந்து கீர்த்தனைகளைத் தெலுங்கிற் பாடினார். இத்தலத்துப் பெருமானுக்கும் தியாகராசர் என்பதே திருநாமம்! இராமநாமமே மூச்சாகக் கொண்டவர் அம்மை திருமுன் குழைந்து நின்றார்.

1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிய காலத்தே மொழிவழக்கு மிகுந்தது. தேவாரத்தைக் கச்சேரியின் கடைசியில் ஒதுக்கிவைத்த குறை உண்மையே. உரிமை கேட்டதும் முறையே. ஆயின், அம்மையைப் பாடிய தெலுங்குக் கீர்த்தனையைப் புறந்தள்ளுதல் நமக்கு உடன்பாடன்று. மகிழடி சேவையன்று சுந்தரர் பதிகம் முன்னர் ஒலிக்கட்டும். பின்னர்ச் சுவாமிகளின் கல்யாணிக் கீர்த்தனையும் ஒலிக்கட்டும். இரண்டையும் இருந்து கேட்போம்.