குட்டி வாங்குமுன் தாய், தந்தையின் எக்ஸ்ரேயைக் கேளுங்கள்

மாங்கேணி போன்ற ஊர்களில் வளவுக் காவலுக்கு அல்சேஷன், லப்ரடோர் குட்டி வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வினங்களில் இடுப்பு, முழங்கை மூட்டுகள் சரியாகப் பொருந்தாத குறை பரம்பரையாக வருகிறது. சிறு குட்டியில் அது வெளியே தெரியாது. வளர்ந்தபின் நாய் நொண்டும், எழும்பச் சிரமப்படும். அதனால் குட்டியின் அழகைவிடப் பெற்றோரின் எக்ஸ்ரேயே முக்கியம்.

பிரித்தானிய முறையில் ஒவ்வொரு இடுப்பு மூட்டுக்கும் 0 முதல் 53 வரை புள்ளி இடுவர். முழங்கைக்கு 0 முதல் 3 வரை. குறைந்த புள்ளியே நல்லது. அங்கு ஒரு வயது நிறைந்த நாய்க்கே இப்பரிசோதனை. நல்ல மூட்டுள்ள பெற்றோருக்கும் குறையுள்ள குட்டி பிறக்கலாம். ஆனால் ஆபத்துக் குறைவு.

எக்ஸ்ரே எங்கு எடுக்கலாம் என அரச மிருக வைத்தியரிடம் கேளுங்கள். குட்டியைக் கொழுக்க விடாதீர்கள். மூட்டுக் குறையுள்ள நாயில் குட்டி எடுக்காதீர்கள்.