நெற்றி எலும்பைச் செதுக்கிய கதை

நெற்றியைச் சின்னதாக்குகிறோம், முடிக்கோட்டைக் கீழே இறக்குகிறோம் என்று ரீல்ஸில் விளம்பரம் பார்த்திருப்பீங்க. "காசு இருக்கிறவங்க பண்ணிக்கிற வேலை" என்று தள்ளிவிட்டும் போயிருப்பீங்க.

ஆனால் இந்த ஆபரேஷன் யாருக்காகத் தொடங்கியது தெரியுமா? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாசிங்க.

எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு, தடயவியல் மருத்துவ வைவா. மேசையில் ஒரு மண்டை ஓடு இருக்கும். "ஆணா பெண்ணா, சொல்லு" என்பார் எக்ஸாமினர். புருவத்துக்கு மேலே எலும்பு மேடாகப் புடைத்து, நெற்றி பின்னால் சாய்ந்திருந்தால் ஆண். நெற்றி நேராக, மழமழவென்று இருந்தால் பெண். மண்டை ஓடு மட்டும் கையில் இருந்தாலே சுமார் 90 சதவீதம் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது எங்கள் பாடப்புத்தகக் கணக்கு.

இந்தப் பாடத்தை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனவர் டக்ளஸ் ஆஸ்டர்ஹவுட். சான் பிரான்சிஸ்கோக்காரர். பல் மருத்துவமும் படித்துவிட்டு முக எலும்பு சர்ஜரிக்கு வந்தவர்.

1982. பாலின மாற்று அறுவை செய்துவந்த சக மருத்துவர் ஒருவர், ஒரு திருநங்கையை இவரிடம் அனுப்புகிறார். முகம் பெண்ணின் முகமாக வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. ஆனால் அதற்கென்று பாடப்புத்தகமே கிடையாது!

மனிதர் என்ன செய்தார்? மானுடவியலாளர்கள் எடுத்து வைத்திருந்த அளவுகளைப் படித்தார். ஒரு பல் மருத்துவக் கல்லூரி சேகரித்து வைத்திருந்த மண்டை ஓடுகளை எடுத்து அளந்தார். ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டுவதில் நெற்றிக்குப் பெரிய பங்கு என்று கண்டார். நெற்றி வகைகளைப் பிரித்து, எதற்கு என்ன செய்யலாம் என்று 1987-ல் கட்டுரையாக எழுதினார்.

சும்மா தேய்த்து விட்டால் போதாதா என்று கேட்பீங்க. சிலருக்குப் போதும். பலருக்கு முடியாது. அந்த மேட்டுக்குப் பின்னால்தான் சைனஸ் இருக்கிறது, காற்று நிரம்பிய அறை. முன்சுவர் சில மில்லிமீட்டர்தான். தேய்த்துக்கொண்டே போனால் ஓட்டை விழுந்துவிடும். அதற்குப் பின்சுவர் தாண்டினால் மூளையின் உறை.

அதனால் முன்சுவரை டப்பா மூடி மாதிரி அறுத்து எடுத்து, வடிவம் மாற்றி, உள்தள்ளிப் பொருத்த வேண்டும். முகத்தில் தழும்பு தெரியாமல் இருக்க, காதிலிருந்து காது வரை தலைத்தோலைத் திறப்பார்கள். அந்த வெட்டை முடிக்கோட்டிலேயே போட்டால் இன்னொரு லாபம்: நெற்றித் தோலில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு, தலைத்தோலை முன்னால் இழுத்துத் தைக்கலாம். முடிக்கோடும் இறங்கிவிடும். ரீல்ஸில் தனியாக விற்கிறார்களே, அதேதான்.

இந்தத் துணிச்சலுக்கு ஒரு குரு உண்டு. பிரான்ஸின் பால் டெசியே. பிறவியிலேயே முக எலும்பு கோணலான குழந்தைகளுக்காக, மூளைப்பக்கமாக உள்ளே போய்க் கண்குழியையே நகர்த்தலாம் என்று 1967-ல் ரோம் மாநாட்டில் காட்டியவர். அதற்காகப் பாரிஸிலிருந்து நான்ட் நகருக்கு ரயிலில் போய்ப் பிரேதங்களில் பழகினார். ஆஸ்டர்ஹவுட் இவரிடம் கற்றவர்.

ஹார்மோன் மாத்திரையில் இது மாறாதா? மாறாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரான் வளர்த்துவிட்ட எலும்பை, பிறகு எவ்வளவு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் கரைக்க முடியாது. முன்னால் ஏறிப்போன முடியும் பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது.

முடி நடுவது தனிக்கதை. ஜப்பானில் ஒகுடா 1939-லேயே எழுதிவிட்டார். போர்க்காலம், ஜப்பானிய மொழி, வெளியுலகம் கவனிக்கவில்லை. 1952-ல் நியூயார்க்கில் ஆரன்ட்ரைக் புதிதாகத் தொடங்கினார். அன்றைக்குக் கொத்துக் கொத்தாக நட்டதால் பொம்மைத் தலை மாதிரி இருந்தது. ஒவ்வொரு வேராகப் பிரித்து நடும் நேர்த்தி பின்னால் வந்தது.

"சின்ன வேலைதானே" என்று நினைக்க வேண்டாம். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவரே இறந்துபோனார். எலும்பு வேலை இன்னும் பெரிது. தலை உச்சி மாதக்கணக்கில் மரத்துப்போகும், வெட்டிய கோட்டில் முடி கொட்டலாம், சைனஸில் தொற்று வரலாம். தகுதியான சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், ஐசியு மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்க. கேட்டால் கோபப்படுகிற இடம் வேண்டாம்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன். 2008-ல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு, இந்தியாவிலேயே முதலில். அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவை இலவசம். எங்களுக்குப் பெருமைதான்.

ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவரை மற்றவர்கள் அடையாளம் காண்பது முகத்தை வைத்து. வீடு வாடகைக்குக் கேட்கும்போதும், வேலைக்கு இன்டர்வியூ போகும்போதும் அந்த முகம்தான் முன்னால் நிற்கிறது. உலகத் திருநர் நல நிபுணர் அமைப்பான டபிள்யூபாத், 2022 வழிகாட்டுதலில் முக அறுவையையும் மருத்துவத் தேவையில் சேர்த்துவிட்டது.

நம் 2019 திருநர் சட்டத்தில் காப்பீடு பற்றிய வரியில் பாலின மாற்று அறுவை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் என்று பெயர் சொல்லி இருக்கிறது. முக எலும்புக்குப் பெயர் இல்லை. "பிற உடல்நலப் பிரச்சினைகள்" என்ற பொது வார்த்தைக்குள் அது வருமா? வரும் என்பது என் வாசிப்பு. ஃபைல் நகர்த்துகிறவரும் அப்படியே வாசிக்க வேண்டுமே.