சாலையும் படையும்: வயசுக் கணக்கு ஒன்று

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியில் நாற்பது வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்கிறவன் நான். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். கடைவீதியின் கிழக்குக் கோடியில் வலியசாலை இருக்கிறது. நம் சங்கத்து அன்பர்களில் பலருடைய வீடும் அங்கேதான். சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த இடமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ராஜராஜன் அங்கே ‘கலமறுத்தருளியது’ மரக்கலத்தையா உண்கலத்தையா என்று நூறு வருஷமாக வழக்கு நடக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இந்த விசாரணையில் இறங்கியவர். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தச் சாலையில் சேர்ந்த பிள்ளைகளின் தகுதியைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன்.

முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் என்ற ஊர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அங்கே கோயிலும் சாலையும் அமைத்துச் செப்பேடு எழுதி வைத்தான். காந்தளூர்ச் சாலை மரியாதையைப் பின்பற்றி அமைத்தது என்று அதிலேயே இருக்கிறது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் து. அ. கோபிநாதராவ் இதைப் பதிப்பித்தார். சட்டர்கள், அதாவது மாணவர்கள், மொத்தம் 95 பேர். பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று ராஜ்யத்து விவகாரமும் அறிந்திருக்க வேண்டும். ஆயுதத்தோடு சபைக்கு வரக்கூடாது, ஆயுதத்தால் சண்டையிட்டவனுக்குத் தண்டம் என்றெல்லாம் விதிகள். ஆயுதமே கையில் இல்லாத பிள்ளைகளுக்கு இப்படி விதி எதற்கு? இங்கே படைக்கலப் பயிற்சியும் இருந்திருக்கும் என்று சொல்கிறவர்கள் இந்த வரிகளைத்தான் காட்டுகிறார்கள். என் கவனம் போனது வேறொன்றில். சேருகிறவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். வயசுக்கு வரம்பு வைத்ததாகத் தெரியவில்லை.

வயசுக் கணக்கைக் கல்லில் வெட்டிய மன்னன் ஒருவன் உண்டு, எங்கள் சமயத்தைச் சேர்ந்த கலிங்கத்துக் காரவேலன். தமிழர் கூட்டணியை உடைத்தேன் என்று அவன் சொல்லிக்கொள்வதால் ஹாத்திகும்பாக் கல்வெட்டு நமக்கும் பழக்கமானதே. 15 வயசு வரை விளையாட்டு, பிறகு எழுத்து, நாணயம், கணக்கு, சட்டம் எல்லாம் கற்று 9 வருஷம் இளவரசுப் பட்டம், 24 நிறைந்ததும் முடிசூட்டு. கொல்லாமை பேசும் சமயத்தில் படைத்தலைவர்களா என்று சில நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கோமடேசுவரரை நிறுத்திய சாவுண்டராயரே கங்கர்களின் தண்டநாயகர்தான். சரி, அது போகட்டும்.

திருவிதாங்கூர்ப் படைக்கு வருவோம். குளச்சலில் 1741-இல் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்டவர்மா, சிறைப்பட்ட டிலனாயைக் கொண்டே உதயகிரிக் கோட்டையில் ஐரோப்பியக் கவாத்துப் பழக்கினார். 1809-இல் வேலுத்தம்பி கலகம் அடங்கியதும் படை கலைந்தது. பிறகு நாயர் பிரிகேடு, 1935-இல் திருவிதாங்கூர் அரசுப் படை, இணைப்புக்குப் பின் இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட். எல்லாம் முழுநேரச் சிப்பாய்கள். கடையை நடத்திக்கொண்டே, வேலையை விடாமலே, வருஷத்தில் சில வாரம் சீருடை போடும் ‘துணைப்படை’ என்ற ஏற்பாடு வேறு வழியாக வந்தது.

முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை. 1917-இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. இங்கே குடியிருந்த ஐரோப்பியருக்கு 16 முதல் 50 வயது வரை கட்டாயம். இந்தியர் விரும்பினால் சேரலாம். கல்லூரி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் பிரிவுகள் தோன்றின. கல்கத்தாவில் அந்தக் கூடாரத்துக்குப் போய்த் துப்பாக்கி பிடித்த மாணவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். அதற்கு முன் 49-ஆவது வங்காளிப் படையில் சேரப் போனவரைக் கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்று தள்ளியவர் பிற்காலத்தில் எந்தப் படைக்குத் தலைமை ஏற்றார் என்பதை நம் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேயாத் தமிழர் எத்தனை பேர் அதில் நின்றார்கள்!

1920-இல் இந்தியப் பிராந்தியப் படைச் சட்டம். மாணவர் பிரிவுகளுக்குப் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று பேர். அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு கல்லூரிகளில் துணைப்படை அதிகாரிப் பயிற்சி 1916-இல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின் குன்ஸ்ரு குழு சொன்னபடி 1948-இல் தேசிய மாணவர் படை, நாம் சொல்லும் என்.சி.சி. அதே வருஷம் பிராந்திய ராணுவச் சட்டம்; 1949 அக்டோபர் 9-இல் அந்த ராணுவத்தைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி.

அவசரம் வந்தால் சர்க்கார் வளைந்து கொடுக்கும் என்பதற்கு 1962-க்குப் பிந்தைய வருஷங்கள் சாட்சி. சீனப் போருக்குப் பிறகு சென்னைப் பரங்கிமலையிலும் பூனாவிலும் 1963-இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளிகள் திறந்து, பயிற்சிக் காலத்தைச் சுருக்கி, அவசரக் கமிஷன் கொடுத்தார்கள். என்.சி.சி.யைக் கல்லூரிகளில் கட்டாயமாக்கினார்கள். 1968-இல் அந்தக் கட்டாயம் போயிற்று. அண்மையில் 2022-இலும் ஒரு சலுகை. கொரோனாவால் இரண்டு வருஷம் ஆளெடுப்பு நின்றுபோனதால், அக்னிவீரர் சேர்க்கையில் 21 என்று அறிவித்த மேல்வயதை அந்த ஒரு முறைக்கு மட்டும் 23 ஆக்கினார்கள். அந்த ஜூன் மாதம், உடல்தகுதியும் மருத்துவச் சோதனையும் தாண்டி எழுத்துத் தேர்வுக்காகக் காத்துக் கிடந்த பிள்ளைகள் நம் நகரத்தில் ராஜ்பவனை நோக்கி ஊர்வலம் போனார்கள். இரண்டு வருஷச் சலுகை சிலருக்குக் கதவைத் திறந்தது, ஆனால் அவர்கள் கேட்டது பழைய தேர்வை.

இதையெல்லாம் தேடிப் படிக்க எனக்குக் காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

என் தம்பி மகன் கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வாங்கியவன். அந்தச் சான்றிதழ் உள்ளவர்க்குப் பரங்கிமலைப் பயிற்சிக்குத் தனிவழி உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது, நேரே தேர்வு வாரியம்தான். வயது 25-க்குள் இருக்க வேண்டும். தம்பி திடீரென்று காலமானதால் பையன் கடையில் உட்கார்ந்தான். 25 கல்லாவிலேயே போய்விட்டது. 2012-இல் அவனுக்கு 36. மத்திய அமைச்சராக இருந்த சச்சின் பைலட் அந்த வருஷம் பிராந்திய ராணுவத்தில் அதிகாரியானார். பையன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “பெரியப்பா, நாம கேட்டுப் பாக்கலாமா?” என்றான். நான் கணக்குப் புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே, “முப்பத்தஞ்சோட சரிடா, உனக்கு ஆயிடுச்சு” என்றேன். எப்போதோ எதிலோ படித்த ஞாபகம். பெரியப்பா படிச்சவர் என்று அவனும் நம்பிவிட்டான்.

2019-இல் ஒரு விளம்பரத்தை வெட்டி மேஜைமேல் வைத்தான். பட்டதாரி, சொந்தச் சம்பாத்தியம் உள்ளவர், வயது 18 முதல் 42 வரை. அவனுக்கு 43. ஒன்றும் பேசவில்லை, கிடங்குக்குள் போய்ச் சரக்கு எண்ண ஆரம்பித்தான்.

அந்த விதியைப் பின்னர் முழுக்கப் படித்தேன். எழுத்துத் தேர்வு, நேர்காணல், தேர்வு வாரியம், மருத்துவச் சோதனை. சேர்ந்த முதல் வருஷம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, வருஷந்தோறும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருஷத்துக்குள் பரங்கிமலையில் மூன்று மாதம். 2025 அறிவிப்பிலும் அதே 18, அதே 42. கௌரவப் பதவிக்கு இந்தக் கணக்கு இல்லை. நம் நகரத்தில் வளர்ந்த நடிகர் மோகன்லால் 2009-இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனபோது அவருக்கு 49. நானும் அவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள் என்று கடையில் சொல்லிச் சிரிப்பேன். 2019-க்குப் பிறகு அந்தச் சிரிப்பு வரவில்லை.

பையன் என்னைக் குறை சொன்னதே கிடையாது. அவன் மகளைக் கழக்கூட்டம் சைனிக் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு எழுத வைக்க வேண்டும் என்கிறான். 1962-இல் தொடங்கிய பள்ளி; 2021 முதல் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். மார்ச் 31 அன்று 10 நிறைந்து 12 தாண்டாமல் இருக்க வேண்டும். போன வாரம் அவள் பிறப்புச் சான்றிதழை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அச்சிட்ட விதியையும் பக்கத்தில் வைத்து நாள் எண்ணினேன். இன்னும் நேரம் இருக்கிறது. தாளைப் பையனிடமே கொடுத்து, நீயும் ஒரு தடவை எண்ணிப் பாரு என்றேன்.