ஏணிப்படியில் உட்கார்ந்த புறாக்கள்

1 முதல் 100 வரை உள்ள எண்களைக் கூட்டினால் 5050. இது எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். மனக்கணக்கு என்றால் இன்றும் பிரெஞ்சில்தான் வரும். காய்கறிக் கடையில் நின்று நான் முணுமுணுப்பதைப் பார்த்து கடைக்காரர் சிரிப்பார்.

எங்கள் கணக்கு வாத்தியாரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கரும்பலகையில் 1, 2, 3 என்று எழுதி, வரிசையாகப் புள்ளிகள் வைத்து, 100 என்று முடித்துவிட்டு ஒரு கதை சொன்னார். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்ற ஊரில் காஸ் என்று ஏழை வீட்டுப் பையன். வகுப்பு ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று அவனுடைய வாத்தியார் இந்தக் கூட்டலைக் கொடுத்தார். பையன் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தான்: 1-ம் 100-ம் 101. அடுத்து 2-ம் 99-ம் 101. இப்படி 50 ஜோடி. 50 × 101 = 5050. வாத்தியார் நாற்காலியில் உட்காருவதற்குள் பலகையை மேசையில் வைத்துவிட்டான். எங்களுக்கு வாய் பிளந்துவிட்டது. நானும் இந்தக் கதையை நாற்பது வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, இதை முதலில் எழுதிவைத்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். காஸ் பிறந்தது 1777, இறந்தது 1855. மறு வருடமே அவருடைய நண்பர் சார்டோரியஸ் வான் வால்டர்ஸ்ஹவுசன் அவரைப் பற்றி ஒரு நினைவு நூல் வெளியிட்டார். காஸ் முதுமையில் தாமே சொல்லி மகிழ்ந்த சம்பவம் என்று அதில் இது வருகிறது. ஆனால் 1 முதல் 100 வரை என்ற பேச்சே அங்கே இல்லை. ஒரு கூட்டுத் தொடரைக் கூட்டச் சொன்னார்கள், சின்னப் பையன் முதலில் பலகையை வைத்தான், மற்றவர்கள் வெகுநேரம் கழித்து வைத்த விடைகளில் பல தப்பு, அடியும் விழுந்தது, அவ்வளவுதான். ஜோடி சேர்த்த விவரமும் இல்லை. 100, 101, 5050 எல்லாம் பின்னால் வந்தவர்கள் பூட்டிய நகைகள். காஸின் பெருமை இதனால் காசளவும் குறையாது. பதினேழு பக்கச் சமபக்க உருவத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று பதினெட்டு வயதில் காட்டிய மனிதருக்கு இந்தக் கூட்டல் ஒரு பொருட்டா?

ஆனால் 5050 அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் முன்பே ஐரோப்பாவில் இருந்தது. நான் படித்த பிரெஞ்சுச் சரித்திரப் புத்தகங்களில் சார்ல்மாஞ் சக்கரவர்த்தியோடு கூடவே வரும் பெயர் அல்குயின். இங்கிலாந்தின் யார்க் நகரத்தவர். சக்கரவர்த்தியின் அரண்மனையில் படிப்புச் சொல்லிக்கொடுக்க வந்தவர். 804-இல் பிரான்சின் தூர் நகரத்து மடத்தில் காலமானார். இளைஞர்களின் புத்தியைக் கூர் தீட்டுவதற்கான கணக்குகள் என்று ஒரு லத்தீன் தொகுப்பு அவர் பெயரில் வழங்குகிறது. நம் ஊரில் ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் புதிர் உண்டல்லவா? அது அந்தத் தொகுப்பில் இருக்கிறது. புலிக்குப் பதில் ஓநாய், புல்லுக்குப் பதில் முட்டைக்கோசு.

அதே தொகுப்பில் ஓர் ஏணிக் கணக்கு. நூறு படி உள்ள ஏணி. முதல் படியில் ஒரு புறா, இரண்டாம் படியில் இரண்டு, மூன்றாம் படியில் மூன்று, இப்படியே நூறாம் படியில் நூறு. மொத்தம் எத்தனை புறா? அவர் வழி சற்று வேறு. முதல் படிப் புறாவை எடுத்து 99-ஆம் படியில் இருப்பவற்றோடு சேர், 100 ஆகிறது. இரண்டாம் படியை 98-ஆம் படியோடு சேர், அதுவும் 100. இப்படி 49 ஜோடி, 4900. ஜோடி இல்லாமல் நிற்பவை 50-ஆம் படியும் 100-ஆம் படியும். அந்த 150-ஐச் சேர்த்தால் 5050. முசியே சொன்ன வழியைவிட இது எனக்கு ஒரு படி குறைவாகவே தோன்றுகிறது. நூறு நூறாகச் சேர்த்தால் கூட்டச் சுலபம்தான். ஆனால் நடுவில் ஒன்றும் உச்சியில் ஒன்றும் தனியாக நின்றுவிடுகின்றன. 101 என்று சேர்த்திருந்தால் எதுவும் மிஞ்சாது.

அல்குயினுக்கு மூன்று நூற்றாண்டு முன்னால் நம் பக்கம் வருவோம். 476-இல் பிறந்த ஆரியபட்டர், தமக்கு இருபத்து மூன்று வயது முடிந்தபோது கலியுகத்தில் 3600 வருடம் கழிந்திருந்தது என்று ஆரியபடீயத்தில் தாமே எழுதியிருக்கிறார். அது 499-ஆம் வருடம். அந்த நூலின் கணிதப் பகுதி முப்பத்து மூன்றே செய்யுள். அதில் ஒன்று கூட்டுத் தொடருக்கு. அவர் புறாவை எண்ணவில்லை, படியையும் எண்ணவில்லை. நடுமதிப்பைக் கண்டுபிடி, எத்தனை எண்ணோ அதனால் பெருக்கு என்கிறார். 1 முதல் 100 வரை நடுமதிப்பு ஐம்பதரை. நூறால் பெருக்கினால் 5050. அல்லது முதலையும் கடைசியையும் கூட்டி, எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு என்று அதே செய்யுளில் மாற்று வழியும் தருகிறார். முசியே கரும்பலகையில் எழுதிய சூத்திரம் இதுவேதான். தொடர் 1-இல் தொடங்க வேண்டியதில்லை, ஒன்றொன்றாக ஏற வேண்டியதும் இல்லை. எந்தக் கூட்டுத் தொடருக்கும் செல்லும்.

அடுத்த செய்யுள் இதைத் திருப்பிப் போடுகிறது. மொத்தம் தெரியும், எத்தனை எண் என்று தெரியாது. நம் புறாக் கணக்கிலேயே பார்க்கலாம். 5050-ஐ எட்டால் பெருக்கினால் 40400. ஒன்று கூட்டினால் 40401. அதற்கு வர்க்கமூலம் 201. ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 100. ஏணிக்கு நூறு படி. (ஒன்றில் தொடங்கி ஒன்றொன்றாக ஏறும் தொடருக்கு இந்தச் சுருக்கம் போதும், மற்றவற்றுக்கு அவர் விதி இன்னும் கொஞ்சம் நீளம்.) புதிராக ஒரு கணக்கைப் போட்டு மகிழ்வது வேறு, முன்னும் பின்னும் போகிற மாதிரி விதி செய்து வைப்பது வேறு.

ஏன் இது சரி என்று ஆரியபட்டர் சொல்லவில்லை. செய்யுளில் இடம் ஏது? அதைச் சொன்னவர் கேரளத்துத் திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி. 1444-இல் பிறந்தவர். ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில், தொடரை ஒரு படிக்கட்டு மாதிரி உருவமாக்கி, அதே போல இன்னொன்றைத் தலைகீழாகப் பொருத்தி, நீள்சதுரமாக்கிக் காட்டுகிறார். நீள்சதுரத்தின் பரப்பில் பாதி நம் தொகை.

இதை நம் வீட்டுப் பெண்கள் மார்கழி மாதம் முழுக்க வாசலில் போடுகிறார்கள். 15 புள்ளி, இடுக்குப் புள்ளி 8 வரை என்று சொல்வார்களே, அந்தக் கோலம். நடு வரிசையில் 15. மேலே 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும், கீழேயும் அப்படியே. மேல் பாதியில் ஏழு வரிசை, கீழ்ப் பாதியில் ஏழு வரிசை. மேல் பாதியை அப்படியே இறக்கிக் கீழ்ப் பாதியின் பக்கத்தில் வையுங்கள். 8-க்குப் பக்கத்தில் 14, 9-க்குப் பக்கத்தில் 13; ஒவ்வொரு வரிசையும் 22. ஏழு வரிசைக்கு 154. நடு வரிசை 15-ஐச் சேர்த்தால் 169 புள்ளி. அது 13 × 13 என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இழை சேராது என்று என் அம்மா முதலிலிருந்து எண்ணுவார். எந்த வரிசையில் விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சூத்திரம் தெரிந்த எனக்குத் தெரியாது.

கூட்டுத் தொடர் சாதுவான பிராணி. பெருக்குத் தொடர் அப்படியல்ல. பிரெஞ்சில் இரண்டுக்குமே, ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போகும் அளவை ரெசோன் என்பார்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் பொது வித்தியாசம், பொது விகிதம் என்று தனித்தனியாக இருக்கிறது. ரெசோன் என்றால் காரணம் என்றும் பொருள். ஒருமுறை தாமதமாக வந்து கதவருகே நின்ற பையனைப் பார்த்து, பலகையைக் காட்டி, முசியே "ரெசோன்?" என்று கேட்டார். அவன் பாவம், வீட்டில் தண்ணீர் வராத கதையை ஆரம்பித்தான்.

பெருக்குத் தொடரும் பழசுதான். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள எகிப்தியப் பாப்பிரஸ் சுருளை ஆமஸ் என்ற எழுத்தர் ஏறத்தாழ கி.மு. 1550-இல், இன்னும் பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தார். (படியெடுப்பதே பிழைப்பாக இருந்த எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.) அதில் 7 வீடு, 49 பூனை, 343 எலி, 2401 தானியக் கதிர், 16807 படி தானியம், மொத்தம் 19607. பக்கத்திலேயே 2801-ஐ ஏழால் பெருக்கி அதே 19607-ஐ வரவழைத்திருக்கிறார். 2801 என்பது 1, 7, 49, 343, 2401 ஆகியவற்றின் கூட்டு. அதை ஏழால் பெருக்கினால் ஒவ்வொன்றும் ஒரு படி ஏறி, தேவையான தொகை வந்து விழுகிறது. இந்தச் சூட்சுமம் போதும், சூத்திரமே வேண்டாம். 1202-இல் இத்தாலியின் பீசா நகரத்து லியனார்டோவும் ஏழு கிழவிகள் ரோமுக்குப் போன கதையாக, கோவேறு கழுதையும் மூட்டையும் ஏற்றி, ஏழின் தொடரை எழுதினார். சதுரங்கப் பலகைக் கட்டத்துக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று தானியம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 64 கட்டத்துக்கும் சேர்த்து 18446744073709551615. ஒவ்வொன்றாக இரட்டிக்காமல், வர்க்கத்தை வர்க்கமாக்கிக்கொண்டே போய் அல்பிரூனி அதைக் கணக்கிட்டார்.

ராஜாவின் களஞ்சியம் காலியானது கதை. ரூபாய்க்குப் பத்து பைசா மாத வட்டி கதையல்ல. வட்டி கட்டாமல் விட்டு, வட்டியை அசலில் சேர்த்துக்கொண்டே போனால் ஆயிரம் ரூபாய் ஒரு வருடத்தில் 3,138. மூன்று வருடத்தில் 30,912. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில் ஒரு பியூன் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்பேன். அப்படி ஒரு கடனில் அவருடைய அப்பா காலத்து மனை போய்விட்டது. வட்டி என்ற சொல் எழுதிய காகிதத்தைப் பார்த்தாலே அவர் முகம் மாறிவிடும்.

1980-களின் தொடக்கம். வீடு கட்ட அரசு முன்பணம் 18,000 ரூபாய் வாங்கினார். மாதம் 150 வீதம் 120 தவணை சம்பளத்தில் பிடித்தம். அசல் முடிந்த பிறகு வட்டி. வட்டி 6 சதவீதம். பத்து வருடம் கழித்து அசல் முடிந்தது. வட்டிப் பிடித்தத்துக்கு உத்தரவு வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், பத்தாயிரத்து எண்ணூறு வட்டின்னு போட்டிருக்காங்க. அசலே பதினெட்டுதானே?"

பார்த்தேன். 18,000-க்கு 6 சதவீதம் வருடத்துக்கு 1,080. பத்து வருடத்துக்கு 10,800. யாரோ கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிவிட்டார்கள். அவர் மாதாமாதம் 150 கட்டிக்கொண்டே வந்தது கணக்கிலேயே ஏறவில்லை. ஒவ்வொரு மாதமும் நிலுவையில் நிற்கும் அசலுக்குத்தானே வட்டி? முதல் மாதம் 18,000. அடுத்த மாதம் 17,850. அப்புறம் 17,700. கடைசி மாதம் 150. கூட்டுத் தொடர்! 120 வரி எழுதிக் கூட்டவேண்டியதில்லை. முதலையும் கடைசியையும் கூட்டு: 18,150. எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு: 60. மொத்தம் 10,89,000. மாத வட்டி அரை சதவீதம். 5,445 ரூபாய்.

குறிப்பு எழுதி அனுப்பினோம். சூத்திரம் செல்லாது, மாதவாரி அட்டவணை வேண்டும் என்று திரும்பி வந்தது. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து 120 வரியையும் எழுதினேன். கூட்டுத்தொகை அதே 10,89,000. மூன்று வாரத்தில் உத்தரவு திருத்தப்பட்டது. அவருக்கு மிஞ்சியது 5,355 ரூபாய். அன்றைக்கு அவருக்கு அது சில மாதச் சம்பளம்.

திருத்திய காகிதத்தைக் கொடுத்தபோது நன்றி சொல்வார் என்று நினைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டக் கட்டக் கடன் குறைஞ்சதால வட்டி பாதியா ஆச்சுன்னு சொன்னீங்க. பாதின்னா 5,400 தானே சார். இந்த 45 எதுக்கு?"

நல்ல கேள்வி. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் கடன் 18,000-இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் நடுமதிப்பு 9,000. ஆனால் கடைசி மாதமும் 150 ரூபாய் அவர் கையில்தான் இருந்தது. அதனால் நடுமதிப்பு 9,075. அந்த 75 ரூபாய்க்கு 120 மாதத்து வட்டி, 45.

"கையில இருந்ததுக்குத்தானே? அப்ப சரி" என்று சொல்லி, காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.