உப்புக்காற்றும் தோல் வாசரும்: பழவேற்காட்டுக் கரையில் காற்றடிக்கும் பம்பு

பழவேற்காடு ஏரியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டையில் தொடங்கிப் பூநாரைகளில் முடித்துவிடுகிறார்கள். ஏரியில் பட்ட இறாலும் நண்டும் மடவையும் கரையேறிய பிறகு சந்தைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று கேட்பவர் குறைவு. கேட்டால் சைக்கிள் வந்து நிற்கும். சைக்கிளைத் தொடர்ந்து காற்றடிக்கும் பம்பும் வரும். கைப்பம்பு இந்தக் கரையில் நெடுங்காலம் தாக்குப்பிடித்ததற்கு விலை மலிவு ஒரு காரணம்தான். அதில் கெட்டுப்போகக்கூடிய எதையும் குப்பத்திலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது என்பதே பெரிய காரணம்.

முதலில் சரக்கு நீர்வழியே போனது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் பின்னர் பழவேற்காடு வரையிலும் அதைத் தாண்டியும் நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. 1960களிலும் 1970களிலும் அடித்த புயல்கள் அதைப் பாழாக்கின. மிஞ்சியது சாலை. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொன்னேரியில்தான் ரயில். கேரியரில் கூடையைக் கட்டி, மீன்மேல் ஐஸ் போட்டு மிதிக்கிறவருக்கு வழியில் சக்கரம் இறங்கிவிட்டால் அது வெறும் தாமதம் அல்ல. ஐஸ் உருக உருக மீனின் விலையும் இறங்கும். கரையோரமெங்கும் மண்டிய வேலிகாத்தான் முள்ளும், உடைந்த கிளிஞ்சலும் டயருக்கு ஓயாத பகை.

காற்றடைத்த டயர் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்றார். அன்று அதற்குத் தக்க வண்டி இல்லாததால் அது மறக்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1887இல் தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காக அதை மறுபடி செய்தார். 1888இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பெயர் தாங்கிய நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் ஆலை அமைத்தது. பழவேற்காட்டுக்குப் பக்கத்திலும் அந்தத் தொழில் வளர்ந்தது. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961இல் டயர் உற்பத்திக்கு வந்தது. சைக்கிளும் ரப்பரும் இவ்வளவு அருகில் உற்பத்தியானது வடசென்னைக் கடற்கரையின் பொருளியல் வரலாற்றில் இன்னும் சரியாக எழுதப்படாத பகுதி.

இனி பம்புக்கு வருவோம். அடித்தட்டைக் காலால் மிதித்துக்கொண்டு, குறுக்குப்பிடியை இரு கைகளாலும் பிடித்து இழுத்து அழுத்தும் நெட்டைப் பம்புதான் பஞ்சர் கடைகளில் நின்றது. அதன் உயிர் உள்ளே தண்டின் முனையில் இருக்கும் தோல் வாசர். சிறு கிண்ணம்போல் குழிந்த தோல். கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும். தண்டை அழுத்தும்போது காற்றின் நெருக்கத்தால் அதன் விளிம்பு விரிந்து குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்றுக்கு டியூபைத் தவிர வேறு வழியில்லை. மேலே இழுக்கும்போது விளிம்பு சுருங்கி, புதுக்காற்றைப் பக்கவாட்டில் உள்ளே விடும். ஒரே தோல்துண்டு அடைப்பாகவும் வாசலாகவும் வேலை செய்கிறது. இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

தோல் காய்ந்தால் விளிம்பு ஒட்டாது. பம்பு வெற்றாக ஏறி இறங்கும். எண்ணெய் விட்டு, விளிம்பை விரலால் விரித்துவிட்டால் மீண்டும் பிடிக்கும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இரும்புக் குழாய்க்கும் அதே எண்ணெய்தான் காப்பு. தோல் தேய்ந்து போனால் செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் தோலிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.

டியூபின் பக்கத்திலும் இதே எளிமை. 1890களின் தொடக்கத்தில் பிறந்த உட்ஸ் வால்வுதான் நம் சைக்கிள்களில் நிலைபெற்றது. பக்கத்தில் துளையுள்ள உலோகத் தண்டின்மேல் மெல்லிய ரப்பர்க் குழலை மாட்டுகிறோம், அதுதான் வால்டியூப். அடிக்கும் காற்று ரப்பரை விரித்து உள்ளே போகும். திரும்பி வரப் பார்க்கும் காற்று அதே ரப்பரைத் துளைமேல் அழுத்தி வழியை அடைத்துவிடும். வெயிலில் இற்றுப்போன வால்டியூபைக் கழற்றிப் புதுத்துண்டு மாட்ட எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் இந்த வால்வில் காற்றின் அளவைக் கருவி வைத்துப் பார்க்க முடியாது. கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பதே அளவு. மீன்சுமை ஏற்றும் பின்சக்கரத்துக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

மாற்றம் மொபெட்டோடு வந்தது. 1980இல் அறிமுகமான டி.வி.எஸ். 50 தமிழகக் கடலோரமெங்கும் மீன்காரர்களின் வண்டியானது. அதன் டியூபில் இருப்பது ஸ்ரேடர் வால்வு: உள்ளே சுருள்வில்லும் ஊசியும் கொண்டது, அளவு பார்க்கத் தக்கது, கெட்டால் கடையில் வாங்கித்தான் மாற்ற வேண்டும். முனையை மாற்றிப் பழைய பம்பாலேயே அதற்கும் அடித்தார்கள். ஆனால் தடித்த டயர், பல மடங்கு அடிகள். டியூப் இல்லாத டயர் வந்தபோதுதான் கைப்பம்பு உண்மையில் தோற்றது. ரிம்மை விட்டு விலகிய டயரின் விளிம்பைத் திரும்ப உட்காரவைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று பாய வேண்டும். அது கம்ப்ரசரால்தான் ஆகும். கம்ப்ரசருக்கு மின்சாரமோ இன்ஜினோ வேண்டும். புயலுக்குப் பின் மின்சாரம் நாள்கணக்கில் நிற்கும் ஊர்களில் இது சிறிய வேறுபாடு அல்ல.

ஆயினும் கைப்பம்பு ஒழிந்துவிடவில்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் விலையில்லா சைக்கிள் திட்டம் உட்ஸ் வால்வுக்கும் அதனால் பம்புக்கும் புது ஆயுள் கொடுத்தது என்பது என் கணிப்பு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையை ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே அக்கறை கரையின் கருவிகளுக்கும் வேண்டும். பழவேற்காட்டிலோ பொன்னேரிச் சாலையிலோ பழைய சைக்கிள் கடை வைத்திருந்த குடும்பத்தார் பம்பையும், அதில் பொறித்த பெயரையும், கடையின் கணக்கு நோட்டையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், அருகிலுள்ள பள்ளி ஆசிரியரிடமோ கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ காட்டிப் பதிவு செய்ய வேண்டும்.